ஒஸ்லோவுக்கு வருகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் குடியிருப்பவர்களுக்கு ஏப்ரல் பிறந்தால் ஊரிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். மாமா மகன் வேலை விஷயமாக வருகிறான், கல்லூரித் தோழி குடும்பத்தோடு வருகிறாள், யாரோ ஒருவருக்குத் தெரிந்த யாரோ இரண்டு நாள் தங்கிப் போகிறார்கள். ஆள்தான் மாறுவார்கள், கேள்வி மாறாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் இனி இதை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம் என்ற சோம்பலில் பிறந்த பக்கம் இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். விலைகள் ஏறும், இறங்கும். இங்கே இருப்பதை ஒரு உத்தேசக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

நார்வே ஐரோப்பிய யூனியன்ல இல்லையாமே? அப்போ தனி விசாவா?

தனி விசா வேண்டாம். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. ஆகவே வழக்கமான ஷெங்கன் சுற்றுலா விசாவே போதும்: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாவற்றிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு.

நார்வேக்கான விண்ணப்பத்தை அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் பதிந்து, கட்டணம் கட்டி, பிறகு விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ் மையத்தில் கைரேகையும் காகிதங்களும் கொடுக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். செலவுக்கு நாளொன்றுக்கு 500 குரோனர் (நார்வே நாணயம்) கையில் இருப்பதாகக் காட்டச் சொல்வார்கள். இங்கே உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் உத்தரவாதப் படிவம் ஒன்றை நிரப்பித் தரலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள் என்றாலும் கோடைக்கு முன் கூட்டம் அதிகம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி மாதம் வரை இழுக்காதீர்கள்.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?

மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஜூன் கடைசியில் சூரியன் காலை 4 மணிக்கு முன்பே எழுந்து இரவு 10.40 தாண்டித்தான் மறையும். அதற்குப் பிறகும் முழு இருட்டு வராது. அருங்காட்சியகம் மூடிய பிறகு உங்களுக்கு இன்னொரு முழு மாலை மிச்சம் இருக்கும். பகலில் 20 முதல் 25 டிகிரி, சில நாள் அதற்கு மேலும். ஜூலையில் உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் கிராமத்துக் குடில்களுக்குப் போய்விடுவதால் சில சின்ன உணவகங்கள் மூடியிருக்கும், அவ்வளவுதான்.

மே 17 அரசியலமைப்பு நாள். 1814இல் அரசியலமைப்பு கையெழுத்தானதைக் கொண்டாடும் நாள். ராணுவ அணிவகுப்பு கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாத்தியம் வாசித்துக்கொண்டு அரண்மனை முன்பாக ஊர்வலம் போவார்கள், அரச குடும்பம் மாடத்தில் நின்று கையசைக்கும். ஊரே பாரம்பரிய உடையில் இருக்கும். பார்க்க அருமையான நாள், ஆனால் கடைகள் மூடியிருக்கும், அறை வாடகை எகிறியிருக்கும். நவம்பரில் மட்டும் வராதீர்கள்: பனியும் இல்லை, வெயிலும் இல்லை, மழையும் இருட்டும்தான். குளிர்காலமே வேண்டும் என்பவர்கள் பிப்ரவரியைத் தேர்ந்தெடுங்கள். பனி கிடக்கும், வெளிச்சமும் திரும்பியிருக்கும். டிசம்பர் கடைசியில் சூரியன் காலை 9 மணிக்கு மேல் உதித்து 3 மணி வாக்கில் போய்விடும்.

ஈஸ்டர் வாரத்தில் வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வியாழன், வெள்ளி, ஞாயிறு, திங்கள் நான்கும் விடுமுறை. கடைகள் திறக்காது.

டிசம்பர்ல வந்தா அந்தப் பச்சை வெளிச்சம் தெரியுமா?

துருவ ஒளியைச் சொல்கிறீர்கள். ஒஸ்லோவில் எப்போதாவது அபூர்வமாகத் தெரியும். அதை நம்பி டிக்கெட் போடக்கூடாது. அதற்கு ட்ரோம்சோ போக வேண்டும். ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே இருக்கும் ஊர், ஒஸ்லோவிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய 2 மணி நேரம். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பருவம். நள்ளிரவுச் சூரியனும் அப்படித்தான். அது வடக்கின் சொத்து, ஒஸ்லோவில் கிடையாது.

குளிருக்கு என்னென்ன வாங்கணும்? சென்னையிலேயே வாங்கிடலாமா?

கோடையில் வந்தால் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், மழைக்குத் தாங்கும் மேல்சட்டை, நடக்க வசதியான ஷூ போதும். குடையை நம்பாதீர்கள், காற்றில் திரும்பிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் ஒரே ஒரு தடித்த கோட்டுக்குப் பணத்தையெல்லாம் கொட்டுவது வீண். உடம்பை ஒட்டிக் கம்பளி உள்ளாடை, அதற்கு மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் நுழையாத கோட்டு என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். கட்டடங்களுக்குள் நன்றாகச் சூடேற்றியிருப்பார்கள், அங்கே ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பருத்தி உள்ளாடை வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு குளிரவைக்கும். கோட்டை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கம்பளி உள்ளாடை இங்கே நன்றாக இருக்கும், தள்ளுபடியிலும் கிடைக்கும். ஷூவின் அடியில் மாட்டும் ஆணிப்பட்டை ஒன்றை ஒஸ்லோவில் இறங்கியதும் வாங்குங்கள். குளிரைவிடப் பெரிய ஆபத்து நடைபாதையில் உறைந்துகிடக்கும் பனிக்கட்டிதான்.

ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி பிடிச்சா எவ்வளவு ஆகும்?

பிடிக்காதீர்கள். கார்டர்மோயென் விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். டாக்ஸிக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஏறிய பிறகு மீட்டரைப் பார்த்துப் பயந்து பயனில்லை. ரயில் விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது.

இரண்டு வகை ரயில் உண்டு. பளபளப்பான விளம்பரங்களோடு கண்ணில் படுவது ஃப்ளைடோகெட் விரைவு ரயில்: மத்திய நிலையத்துக்கு 20 நிமிடம் போல ஆகும், 10 நிமிடத்துக்கு ஒன்று ஓடும். அதே தண்டவாளத்தில் வீ நிறுவனத்தின் சாதாரண ரயிலும் போகிறது. அது 23 நிமிடம், கட்டணம் ஏறக்குறைய பாதி. மூன்று நிமிடத்துக்காக இரட்டிப்பு விலை கொடுப்பது அவரவர் விருப்பம். நான்கு பேர் குடும்பம் என்றால் மிச்சமாகும் பணத்தில் எல்லோரும் ஒரு காபி குடித்துவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. சில மலிவு விமான நிறுவனங்கள் 'ஒஸ்லோ டோர்ப்' என்று டிக்கெட் விற்கும். அது சாண்டெஃப்யோர்டு ஊர்ப் பக்கம், தெற்கே 110 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ ஆகும் காசையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

டிராமில் கண்டக்டரும் இல்ல, கேட்டும் இல்ல. டிக்கெட்டை யார்கிட்ட வாங்கறது?

யாரிடமும் இல்லை, நீங்களே ஏறுவதற்கு முன் வாங்க வேண்டும். நகரப் போக்குவரத்து மொத்தமும் ரூத்தர் என்ற அமைப்பின் கீழ் வருகிறது. போனில் அதன் ஆப்பைப் போட்டு அட்டையைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நிலையங்களில் உள்ள இயந்திரத்திலோ கியோஸ்க் கடையிலோ வாங்கலாம். ஒரே சீட்டு மெட்ரோ, டிராம், பஸ், நகருக்குள் ஓடும் ரயில், தீவுகளுக்குப் போகும் படகு எல்லாவற்றுக்கும் செல்லும். பார்க்க வேண்டிய இடங்கள் ஏறக்குறைய எல்லாம் மண்டலம் 1க்குள் அடங்கும்.

ஒற்றைச் சீட்டு ஒரு மணி நேரம் செல்லுபடியாகும், 40 குரோனருக்குச் சற்று மேல். 24 மணி நேரச் சீட்டு ஏறக்குறைய மூன்று ஒற்றைச் சீட்டின் விலை. நான்கு நாளுக்கு மேல் இருந்தால் 7 நாள் சீட்டு. 6 வயதுக்குக் கீழ் இலவசம். கேட் இல்லையே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று துணிபவர்கள் உண்டு. பரிசோதகர்கள் சாதாரண உடையிலும் ஏறுவார்கள். பிடிபட்டால் ஆயிரம் குரோனர் அளவில் அபராதம். சுற்றுலாப் பயணி, தெரியாது என்ற சமாதானம் அவர்களிடம் எடுபடாது.

காசு எவ்வளவு மாத்திட்டு வரணும்?

ஒன்றுமே வேண்டாம் என்றுதான் சொல்வேன். பொதுக் கழிப்பறைக்குக்கூட அட்டையைத் தட்டும் ஊர் இது. விசா அல்லது மாஸ்டர் அட்டை இரண்டு, இரண்டு வேறு வங்கிகளுடையதாகக் கொண்டுவாருங்கள். கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள், பின் நம்பரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இங்கே எல்லோரும் சொல்லும் விப்ஸ் நம்ம ஊர் யு.பி.ஐ. போலத்தான், ஆனால் நார்வே அடையாள எண் இல்லாத பயணிக்குப் பயன்படாது.

இயந்திரம் 'ரூபாயிலா குரோனரிலா' என்று கேட்டால் எப்போதும் குரோனரையே அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். ஒரு குரோனர் 8 முதல் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்கு உதவும், வயிற்றெரிச்சலுக்கும் உதவும். டிப்ஸ் கட்டாயமில்லை, இயந்திரம் கேட்டாலும் பில் தொகையை மட்டும் உறுதிசெய்துவிட்டு நகரலாம்.

அப்படியென்ன விலை? ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும்?

சாதாரண உணவகத்தில் ஒரு ஆள் ஒரு வேளை சாப்பிட 200 குரோனருக்கு மேல் ஆகும். காபி 50 பக்கம். பெரிய அருங்காட்சியகம் ஒவ்வொன்றும் ஆளுக்கு 200 பக்கம். நடுத்தர ஹோட்டல் அறை 1,200இலிருந்து 2,000 வரை, கோடையில் இன்னும் மேலே.

இந்த ஊரில் விலை ஏறுவது அடுத்தவர் உங்களுக்காக வேலை செய்யும் இடங்களில்: சமைத்துப் பரிமாறுவது, வண்டி ஓட்டுவது. நீங்களே செய்துகொள்ளும் எதுவும் அவ்வளவு மோசமில்லை. அதனால் சமையலறை உள்ள அறை எடுத்து, ரேமா 1000, கிவி, எக்ஸ்ட்ரா மாதிரி சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிச் சமைத்து, மதியத்துக்குக் கட்டி எடுத்துக்கொண்டால் அறை வாடகை போக ஆளுக்கு 500, 600 குரோனரில் ஒரு நாள் ஓடிவிடும். கட்டுச்சோறு எடுத்துப் போக வெட்கப்பட வேண்டாம். மந்திரியிலிருந்து மாணவன் வரை இங்கே மதியத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டித் துண்டுதான். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீர் நகருக்கு வடக்கே காட்டுக்குள் இருக்கும் மாரிடால் ஏரியிலிருந்து வருவது, அப்படியே குடிக்கலாம். குளிர்பானம் வாங்கினால் காலிப் பாட்டிலை எறியாமல் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போடுங்கள். சின்னதுக்கு 2, பெரியதுக்கு 3 குரோனர் திரும்பி வரும்.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை. உணவுப் பட்டியலில் சைவம் தனியாகக் குறித்திருப்பார்கள், கேட்டால் பொறுமையாக விளக்குவார்கள். ஆனால் இங்கத்திய சைவத்தில் முட்டையும் பாலும் உண்டு. முட்டையும் கூடாதென்றால் வேகன் என்று கேளுங்கள், அதுதான் பாதுகாப்பு. ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். சூப்பில் மீன் அல்லது இறைச்சிச் சாறு சேர்த்திருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மத்திய நிலையத்துக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் க்ரோன்லாண்ட் என்ற பகுதி. 1970களை ஒட்டிப் பாகிஸ்தானிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் அப்புறம் மற்ற நாட்டினரும் குடியேறிய இடம். வெண்டைக்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை, துவரம்பருப்பு எல்லாம் கடைவாசலில் கிடக்கும். நகரத்திலேயே மலிவான சாப்பாடும் இந்தப் பக்கம்தான், இந்திய, பாகிஸ்தானிய உணவகங்கள் உட்பட. தயிருக்குச் சர்க்கரை சேர்க்காத வெறும் யோகர்ட் எல்லாக் கடையிலும் உண்டு, நன்றாகவே இருக்கும். ஹோட்டலில் காலை உணவு சேர்த்திருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி, கஞ்சி என்று மதியம் வரை தாங்கும் அளவுக்கு வைப்பார்கள். அந்தப் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டியை வேஃபிளின் மேல் ஒரு துண்டு வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பால்கோவாவுக்குத் தூரத்து உறவு.

பால்கோவான்னதும் ஞாபகம் வருது, ஊரிலிருந்து நெய், பால் இனிப்பெல்லாம் கொண்டு வரலாமா?

கூடாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே போன்ற சில நாடுகளும்) வெளியே இருந்து வருபவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை. நெய், பால்கோவா, கோழி ஊறுகாய் எல்லாம் அதில் சேரும். சாம்பார்ப் பொடி, அப்பளம், எலுமிச்சை ஊறுகாய், அரிசி போன்றவற்றில் சிக்கல் இல்லை. மருந்து கொண்டுவந்தால் மருத்துவர் சீட்டும் கூடவே இருக்கட்டும். ரொக்கம் 25,000 குரோனருக்கு மேல் இருந்தால் சுங்கத்தில் சொல்ல வேண்டும்.

ஞாயித்துக்கிழமை ஊரே மூடியிருக்குமாமே?

பெரிய கடைகள் மூடியிருக்கும், சட்டமே அப்படி. 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட சின்ன மளிகைக் கடைகள் திறக்கலாம். சில சூப்பர் மார்க்கெட்டுகள் இதற்காகவே ஒரு மூலையைச் சின்னக் கடையாகப் பிரித்து வைத்திருக்கும். விலை கொஞ்சம் கூட. சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துவிடுவது உத்தமம். அருங்காட்சியகங்கள் ஞாயிறன்று திறந்திருக்கும். தேசிய அருங்காட்சியகத்துக்கு விடுமுறை திங்கள்.

பீர் எங்கே கிடைக்கும்? (அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்)

சூப்பர் மார்க்கெட்டில் 4.7 சதவீதம் வரையுள்ள பீர் மட்டும், அதுவும் வாரநாளில் இரவு 8 மணி, சனிக்கிழமை மாலை 6 மணி வரை. ஞாயிறு கிடையாது. அதற்கு மேல் எதுவானாலும் அரசின் வின்மோனோபோலெட் கடை. அது இன்னும் சீக்கிரம் மூடும். நம்ம ஊர் டாஸ்மாக்கைக் கற்பனை செய்துகொண்டு போனால் நூலகத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றும். பூங்காவில் குடிப்பது சட்டப்படி தவறு.

ரெண்டே நாள்தான் இருக்கோம். எதைப் பார்க்கணும், எதை விடலாம்?

முதல் நாள் நீரோரம். மத்திய நிலையத்திலிருந்து நடந்தே ஓபரா மாளிகைக்குப் போங்கள். 2008இல் திறந்தது, கூரை தண்ணீருக்குள்ளிருந்து எழும் சரிவாக இருக்கும், உச்சி வரை நடந்து ஏறலாம், காசு கிடையாது. எதிரே 2020இல் திறந்த டைக்மான் நூலகம், அதுவும் இலவசம். மேல் மாடியில் சிறிய மர அறை ஒன்று இருக்கிறது: 2014 முதல் ஆண்டுக்கு ஒரு எழுத்தாளர் தரும் கையெழுத்துப் பிரதியை யாரும் படிக்காமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். 2114இல்தான் அச்சேறும், அதற்கான காகிதத்துக்கு மரக்கன்றுகளை நகருக்கு வெளியே காட்டில் நட்டிருக்கிறார்கள். அப்புறம் கரையோரமாகவே ஆகெர்ஷூஸ் கோட்டை வழியாக நகராட்சி மன்றத்துக்கு நடங்கள். நோபல் பரிசு ஸ்வீடனில் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: அமைதிப் பரிசை மட்டும் நார்வே கொடுக்க வேண்டும் என்று ஆல்பிரட் நோபல் உயிலில் எழுதினார். அப்போது இரு நாடுகளும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 10 அன்று அது வழங்கப்படுவது இந்த மன்றத்தின் பெரிய கூடத்தில்தான்.

அங்கிருந்து படகேறி ஹோவெடோயா தீவு. மேலே சொன்ன ரூத்தர் சீட்டே போதும், சில நிமிடத்தில் இறங்கிவிடலாம். 1147இல் துறவிகள் கட்டிய மடத்தின் இடிபாடு, குளிக்கக் கடற்கரை, புல்வெளி. காசு கொடுத்துப் போகும் சுற்றுலாப் படகில் வரும் காட்சியில் பாதி இதிலேயே கிடைத்துவிடும்.

இரண்டாம் நாள் காலை விகெலாண்ட் சிற்பப் பூங்கா. குஸ்தாவ் விகெலாண்ட் என்ற ஒரே ஆள் செய்த 200க்கும் மேற்பட்ட சிற்பங்கள். நடுவில் 14 மீட்டர் ஒற்றைக் கல்லில் 121 மனித உருவங்கள் பின்னிக்கிடக்கும் தூண். எந்நேரமும் திறந்திருக்கும், இலவசம். பிற்பகல் பஸ் 30 ஏறி பிக்டோய் தீபகற்பம். ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஃப்ராம் அருங்காட்சியகம். நார்வே ஆய்வுப் பயணி அமுண்ட்சென் தென்துருவப் பயணத்துக்குக் கொண்டுபோன அதே மரக்கப்பல் உள்ளே நிற்கிறது, ஏறி அறைகளுக்குள் போய்ப் பார்க்கலாம். பழைய பயண நூல்களைப் பார்த்து வைக்கிங் கப்பல்களைத் தேடிப் போகாதீர்கள்: அந்த அருங்காட்சியகம் 2022இல் மூடப்பட்டுப் பெரிதாகக் கட்டப்படுகிறது, 2027இல் திறப்பதாகத் திட்டம்.

கார்ல் யோஹான் வீதியில் கடை கடையாக ஏறி இறங்குவதை விட்டுவிடலாம். எல்லா ஊரிலும் உள்ள கடைகள்தான்.

அப்போ ஒஸ்லோ பாஸ் வாங்கறது லாபமா, நஷ்டமா?

அது அருங்காட்சியகங்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கும் ஒரே நுழைவுச் சீட்டு. நான் சொன்ன இரண்டு நாள் திட்டத்துக்கு நஷ்டம், ஏனென்றால் அதில் பெரும்பாலானவை இலவசம். மழை நாளில் ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகம் பார்க்கும் வேகம் இருப்பவர்களுக்கு லாபம். 24, 48, 72 மணி என மூன்று வகை. மண்டலம் 1, 2க்கான போக்குவரத்தும் சேரும். விமான நிலையம் அந்த மண்டலங்களுக்கு வெளியே, அதற்குத் தனிச் சீட்டு.

அந்த அலறுற ஓவியம் ரெண்டு மியூசியத்திலும் இருக்காம். எது ஒரிஜினல்?

இரண்டும். நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 'அலறல்' என்ற அதே காட்சியைப் பலமுறை வரைந்தார். 1893இல் வரைந்த புகழ்பெற்ற வண்ண ஓவியம் தேசிய அருங்காட்சியகத்தில் எப்போதும் சுவரில் இருக்கும். ஓபரா மாளிகை இருக்கும் ப்யோர்விகா பகுதியில் 2021இல் திறந்த மூங்க் அருங்காட்சியகத்திலும் வண்ண ஓவியம், கோட்டோவியம், அச்சுப் பிரதி என வெவ்வேறு வடிவங்கள் உள்ளன. வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டி மற்றவற்றை மூடி வைப்பார்கள். எதிர்பார்த்தது தெரியவில்லையென்றால் கொஞ்ச நேரம் கழித்து அதே அறைக்கு வாருங்கள், மாறியிருக்கும்.

இரண்டுமே திருடுபோய் மீண்டவை. தேசிய அருங்காட்சியகத்து ஓவியத்தை 1994இல் ஏணி வைத்து ஜன்னல் வழியாக எடுத்துப் போனார்கள். மூங்க் அருங்காட்சியகத்து ஓவியத்தை 2004இல் பட்டப்பகலில் துப்பாக்கியோடு வந்து. ஒன்றுக்குத்தான் காசு என்றால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அலறலோடு மற்ற நார்வே ஓவியர்களையும் பார்த்துவிடலாம், 18 வயதுக்குக் கீழ் இலவசமும்கூட.

ஃபியோர்டு பார்க்கத்தான் வர்றோம். ஒஸ்லோவிலேயே பார்த்துடலாமா?

ஒஸ்லோ நிற்பது ஃபியோர்டு (நிலத்துக்குள் நீளமாக நுழையும் கடல்) ஓரம்தான், ஆனால் நீங்கள் படத்தில் பார்த்த செங்குத்து மலையும் அருவியும் இங்கே இல்லை. இது தாழ்ந்த குன்றுகளும் சின்னத் தீவுகளும் உள்ள அகன்ற கடல்நீர்ப் பரப்பு. அந்தப் படங்கள் எல்லாம் மேற்குக் கரை.

அதற்கு மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகருக்குப் போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும். 1909இல் முழுதாகத் திறந்த பாதை. மரமே இல்லாத பீடபூமியைக் கடந்து, 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்ஸே நிலையம் வழியாகப் போகும். மிர்டாலில் இறங்கி ஃப்ளாம் ரயிலுக்கு மாறினால் சுமார் 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் கீழே இறங்கிக் கடல்மட்டத்துக்கு வந்துவிடுவீர்கள். அங்கிருந்து குட்வாங்கனுக்கு 2 மணி நேரப் படகு, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் நேரோய்ஃபியோர்டு வழியாக. பிறகு பஸ்ஸில் வோஸ், அங்கிருந்து ரயிலில் பெர்கன்.

ஒரே நாளில் போய் ஒஸ்லோவுக்கே திரும்ப முடியுமா என்பது இதன் துணைக் கேள்வி. முடியும் என்று விற்பவர்கள் உண்டு. விடிவதற்குள் ஏறி நள்ளிரவில் இறங்குவீர்கள், பாதி நேரம் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். ஃப்ளாமிலோ பெர்கனிலோ ஒரு இரவு தங்குங்கள். அதற்கு நாள் இல்லையென்றால் ஒஸ்லோ தீவுகளோடு திருப்திப்படுவது மேல். ரயில் சீட்டை முன்கூட்டியே எடுத்தால் பாதி விலையில்கூடக் கிடைக்கும்.

அப்பா, அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். ரொம்ப நடக்க வைக்குமா?

நடக்க வைக்கும், ஆனால் வழியில் உட்கார இடம் நிறைய. புதிய டிராம்களில் படி இல்லை. மலை ஏறாமல் மலை பார்க்க மெட்ரோ லைன் 1 எடுத்து ஃப்ரொக்னர்செட்டெரன் வரை போங்கள். வழியெல்லாம் காடும் கீழே நகரமும் தெரியும், திரும்பும்போது ஹோல்மென்கோலனில் இறங்கி ஸ்கீ தாவும் பெரிய கோபுரத்தைப் பார்க்கலாம். ஓபரா கூரைச் சரிவு மழையிலும் பனியிலும் வழுக்கும், பெரியவர்களை ஏற்ற வேண்டாம்.

கேட்கத் தயங்கும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம் மட்டும்தான். கைப்பையில் ஒரு சின்னப் பாட்டில் இருக்கட்டும். தெருவில் இலவசக் கழிப்பறை குறைவு. டைக்மான் நூலகம் இதற்கும் கைகொடுக்கும்.

திடீர்னு உடம்பு சரியில்லாம போனா?

உயிராபத்து என்றால் 113. போலீஸ் 112, தீ 110. அவசரம், ஆனால் உயிராபத்து இல்லை என்றால் 116117ஐ அழைத்தால் அவசர மருத்துவ நிலையத்துக்கு வழிகாட்டுவார்கள். பயணிகள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும், அதற்குத்தான் முதல் பதிலில் சொன்ன காப்பீடு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பாராசிட்டமால் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஆண்டிபயாட்டிக் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்கவே கிடைக்காது.

ராத்திரி வெளியே போகலாமா? பயமில்லையே?

போகலாம். மத்திய நிலையத்திலும் கார்ல் யோஹான் வீதியிலும் கோடையில் ஜேப்படி உண்டு, பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக்கு அருகே ஸ்டோர்கத்தா, ப்ரூகத்தா பக்கம் போதைப்பொருள் கைமாறும். யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள், பார்க்கத்தான் சங்கடமாக இருக்கும். உண்மையில் நான் பயப்படுவது டிராமுக்குத்தான். சத்தமில்லாமல் வரும், கார் மாதிரி உங்களுக்காக நிற்காது.

யாரும் பேசவும் மாட்டேங்கறாங்க, சிரிக்கவும் மாட்டேங்கறாங்க. நாம ஏதாவது தப்பு செஞ்சுட்டோமா?

இல்லை. அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் இங்கே மரியாதை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டு வருவார்கள், உங்கள் நிறத்தைப் பார்த்து அல்ல. வழி கேட்டுப் பாருங்கள்: நல்ல ஆங்கிலத்தில், போனை எடுத்து வரைபடம் காட்டி, சில சமயம் கூடவே நடந்துவந்து விடுவார்கள். யார் வீட்டுக்காவது அழைத்தால் வாசலிலேயே ஷூவைக் கழற்றுங்கள். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்ன நேரத்துக்குப் போவதுதான் சொல்லித்தர வேண்டியது.

அங்கே தமிழர்கள் நிறையப் பேராமே? கோயில் உண்டா?

உண்டு. இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர். 1956இல் வந்த யாழ்ப்பாணத்து அந்தோனி ராஜேந்திரத்தை முன்னோடியாகச் சொல்வார்கள். பின்னாளில் படிக்கவும் போருக்குத் தப்பியும் வந்தவர்களில் பலர் வடகோடியில் ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்த ஹம்சாயினி குணரத்தினம் 2015இல் நகரின் துணை மேயரானார்.

வடகிழக்குப் புறநகரான அம்மெருடில் சிவசுப்பிரமணியர் ஆலயம் இருக்கிறது, மெட்ரோவிலேயே போகலாம். பூசை நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

ஒஸ்லோவில் எட்டு மணி நேரம் ட்ரான்சிட். ஊருக்குள்ள போய்ட்டு வர முடியுமா?

விசா இருந்தால் முடியும். விமான நிலையத்துக்கு வெளியே கால் வைக்க ஷெங்கன் விசா வேண்டும். ஒற்றை நுழைவு விசாவில் அந்த நுழைவு இதிலேயே தீர்ந்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஷெங்கன் நாட்டு விமான நிலையம் வழியாக வருபவர்களுக்குக் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்திருக்கும், ஒஸ்லோவில் நேராக வெளியே வரலாம்.

எட்டு மணியில் இறங்குவதற்கு ஒன்று, திரும்பிச் சோதனைகளுக்கு இரண்டரை, ரயிலுக்குக் காத்திருப்பதோடு சேர்த்து ஒன்றரை என்று கழித்தால் மூன்று மணி நேரம் மிஞ்சும். மத்திய நிலையத்தில் பெட்டி வைக்க லாக்கர் இருக்கிறது. ஓபரா கூரை, நூலகம், கரையோரமாக நகராட்சி மன்றம் வரை நடை, டிராமில் திரும்பல்: இதற்குச் சரியாக இருக்கும். டிசம்பரில் பகல் 2 மணிக்கு மேல் இறங்குபவர்கள் விமான நிலையத்திலேயே இருந்துவிடுங்கள். நீங்கள் ஊருக்குள் வருவதற்குள் இருட்டிவிடும்.